எண்ணாமல் விட்ட பிள்ளைகள்

பவித்ரா,

உன் கல்யாண அழைப்பிதழின் மாதிரிப் படி செவ்வாய்க்கிழமை வந்தது. குருண் அச்சகத்து பாய் தாமே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பிழை பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் அடுத்த வாரம் அச்சாகிவிடும் என்றார். இரண்டு நாளாக அது சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடக்கிறது. பிழை ஒன்றும் இல்லை. உன் பெயர், பிரவீன் பெயர், அமரர் என்று போட்டு உன் அப்பாவின் பெயர், என் பெயர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் சரியாக இருக்கின்றன. கீழே வலப்பக்கம் பிரவீனின் அண்ணன், தங்கை, தங்கை கணவர் என்று அழைப்பவர்களின் வரிசை. இடப்பக்கம் உன் உடன்பிறந்தவர்கள் வரவேண்டிய இடம். அது காலியாக இருந்தால் அழகாக இருக்காது என்று பாய் அங்கே ஒரு தாமரைப் பூவைப் போட்டிருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் தாள்களில் பிழை திருத்துகிறவள் நான். அந்தப் பூவைத் தாண்டி என் பேனா போகவில்லை.

சனிக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது, ஆனால் கோபத்தில் வைக்கவில்லை. பதில் இல்லாததால் வைத்தேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் பேசி முடித்து வந்தபின் வாயில் மிச்சம் இருப்பது சோறு போட்டாயிற்று, கதவைச் சாத்து என்பதற்குத்தான் போதும். அதனால் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொருவரும் ஒரு துண்டை வெளியே காட்டி மற்றதை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முழுவதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் கோத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வெற்றிலை பாக்கு, பழம், இனிப்பு வைத்த இரண்டு தட்டுகளோடு கூலிமுக்குப் போனேன். அட்டை பின்னால் வரட்டும், நெருங்கிய உறவை முதலில் நேரில் போய் வாயால் அழைத்துவிட வேண்டும் என்று போனேன். உன் பெரியம்மா வீட்டுக்குப் போகும் வழியில் அவள் மகள் மாலதி வீடு. அவள் பையன் கிஷோர் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் லோரியை உருட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வயது ஆகப்போகிறது, ஒரு வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறான். விரல் நுனிகளில் எல்லாம் சர்க்கரை பார்க்கக் குத்திய புள்ளிகள். அவனுக்குக் குடல் சரியில்லை என்று ஒரு நாள் சொன்னார்கள். இன்னொரு நாள் தோல் என்றார்கள். சர்க்கரை இருப்பதை நானே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உயிரியல் ஆசிரியை, மூன்றையும் சேர்த்துச் சொன்னால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று பிரித்துப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. மாலதி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சின்னம்மா, உங்க தைரியம் யாருக்கும் வராது. பவி ரிசல்ட்டும் என்னோடது மாதிரியேன்னு தெரிஞ்சும் முகம் சுளிக்காம தட்டு தூக்கிட்டு வர்றீங்க பாருங்க" என்றாள்.

எந்த ரிசல்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உஷாராகியிருப்பாள். அந்தத் தாளை இன்னொரு முறை காட்டு, எனக்கு ஒரு சந்தேகம் என்றேன். பொய்தான். அவள் அலமாரியிலிருந்து நீலக் கோப்பை எடுத்துவந்தாள். கிஷோருடைய தாள், அதற்குக் கீழே அவளுடைய தாள், அதற்கும் கீழே உன்னுடையதின் நகல். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. பெயர் சரி, அடையாள அட்டை எண் சரி. வேறு யாருடைய தாளோ என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லாமல் எல்லாம் சரியாக இருந்தது. நான் முகம் மாறாமல் மடித்துக் கொடுத்தேன். அதற்குள் மாலதிக்குப் புரிந்துவிட்டது. "அம்மா சொல்லலையா உங்ககிட்ட? பவியும் சொல்லலையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தக் குடும்பத்தில் எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான், அதுவும் தெரியாமல் சொன்னாள்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அது உனக்கு என்னவாகப் புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே என் வகுப்பில் சொல்வதுபோல் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் டி அணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன என்று ஆண்டுதோறும் பலகையில் படம் போடுகிறேன். அங்கிருந்து இரண்டு அம்புக்குறி: நோய்க்கிருமி புகுந்த அணுவைக் கொல்பவை, மற்றவற்றுக்கு உதவுபவை. நான் படித்தபோது அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது ஒரு அம்புக்குறி இருக்கிறது. போதும், நிறுத்துங்கள் என்று மற்றவற்றை அடக்குபவை. எல்லா அணுக்களுக்கும் உள்ளே இருக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். அதில் எதைத் திறந்து படிப்பது, எதை மூடி வைப்பது என்று தீர்மானிக்கும் சில புரதங்கள் உண்டு. அவைதாம் மரபணு ஒழுங்குபடுத்திகள். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் ஒரே மாதிரி வரிசையாகத்தான் நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி பெயர் வாசித்து, நீ பால் மரத்துக்கு, நீ புல்வெட்டுக்கு என்று பிரித்துவிட்ட பிறகுதான் ஆளுக்கு ஒரு வேலை. ஃபாக்ஸ்பி மூன்று என்று பெயரிட்டிருக்கும் ஒழுங்குபடுத்தி, சில டி அணுக்களைத் தனியே பிரித்து, உங்கள் வேலை அடக்குவது என்று அனுப்புகிறது. அதைச் செய்யும் மரபணுவில் பழுது இருந்தால் அந்த வேலைக்கு ஆள் போவதில்லை. எதிர்ப்பு அணுக்கள் நிறைய இருக்கும், சுறுசுறுப்பாகவும் இருக்கும். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் சொந்தக் குடலையும் தோலையும் கணையத்தையும் அந்நியம் என்று தாக்கிக்கொண்டே போகும். அந்தப் பழுது இருப்பதாகத்தான் கோப்பில் இருந்த மூன்று தாளும் சொல்லின.

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் அணுவும் இரண்டில் ஒன்றை மூடிக்கொள்ளும். பழுதானதைத் திறந்து வைத்த அணுக்கள் அடக்குகிற வேலைக்குத் தேறுவதில்லை, நல்லதைத் திறந்தவை தேறி அந்த வேலையைப் பார்த்துவிடுகின்றன. அதனால்தான் நீ நன்றாக இருக்கிறாய், மாலதி நன்றாக இருக்கிறாள், பெரியம்மா இந்த வயதிலும் கல்லைத் தின்று செரிக்கிறாள். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான். தாயிடமிருந்து எது வருகிறதோ அதுதான் அவனுக்கு. உன் அப்பா கடைசிவரை ஆரோக்கியமாக இருந்தவர், மாரடைப்பில் போனவர். அவரிடமிருந்து உனக்கு இது வந்திருக்க முடியாது. ஆக, நான் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை, ஆனால் உன் தாள்தான் என் தாளும். எட்டு மாதமாக என் முடிவு உன் கைப்பையில் இருந்திருக்கிறது.

இனி அவனைப் பற்றி. அவன் பெயர் முகிலன். உனக்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால் பிறந்தான். நான் அப்போதுதான் பல்கலைக்கழகம் முடித்து, கூலிமில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் மாதத்திலேயே கன்னத்திலும் முட்டியிலும் தோல் உரிந்தது. கரப்பான், சரியாகிவிடும் என்றார்கள். பிரசவ விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குப் போக ஆரம்பித்தபோது பால்மாவு கொடுத்தோம். பேரங்காடியில் மூன்று டின்களை வரிசையாக வைத்து, பின்னால் எழுதியிருந்ததை எல்லாம் படித்து, நான்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். படித்தவள் அல்லவா. ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மாவை நிறுத்தியும் நிற்கவில்லை. ஏழாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தபோது தாதி தன் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து வேறொன்றை எடுத்துவந்தாள். பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரை வியாதியா என்று அவளே கேட்டாள். பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலில் மொட்டை போடுவதாக இருந்தோம். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் போய்விட்டான்.

அவன் கடைசி வாரத்தில் ஒரு சீன மருத்துவர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நிதானமானவர். என் தாய்வழியில் ஆண் குழந்தைகள் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா, என் அம்மாவுக்கு, அம்மாவின் அக்கா தங்கைகளுக்கு, யோசித்துச் சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டார். என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. எனக்குத் தெரிந்து நானும் அக்காவும்தான். பத்து வயது வித்தியாசம், இடையில் ஒருவரும் இல்லை, நான் ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள் என்று சொல்லி வளர்த்தார்கள். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கம் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்து, "தாக் அடா, டாக்டர். செமுவா சிஹாட்" என்றாள். அப்படி யாரும் இல்லை, எல்லாரும் நல்ல ஆரோக்கியம் என்று. மருத்துவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அந்த மூடி மாட்டிய சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நோய்த்தொற்று என்று எழுதி அனுப்பினார்கள்.

மாலதி வீட்டிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சியில் நாடகம் ஓட, பயற்றங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டை அவள் பக்கத்தில் வைத்தேன். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நமக்கு நடுவில் யாராவது பிறந்தார்களா என்று கேட்டேன். சத்தத்தைக் குறைத்தாள்.

"மாலதி ஒளறிட்டாளா" என்றாள். பிறகு காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு தம்பிங்க. ஒருத்தன் நாலு மாசம், ஒருத்தன் ஒம்பது மாசம் இருந்தான். மொட்ட போடாத புள்ளைய எண்ணக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்குனாங்க. எண்ணுனா அடுத்ததும் தங்காதாம். அப்ப நீ வயித்துல."

"டாக்டர் கேட்டப்ப நான் வயித்துல இல்லக்கா" என்றேன்.

அவள் கை நின்றது. "ஒன் மாமியா பக்கத்துல நின்னாங்கல்ல. அந்த வீட்டு ரத்தமே சரியில்லன்னு ஊரு பூரா சொல்லியிருப்பாங்க. எனக்கு மூணு பொட்டப் புள்ள. யாரு கட்டுவா?"

சரி, அன்று சொல்லவில்லை. பால்மாவு கொடுத்துக் கொன்றாள், படித்த திமிர் என்று கருமாதி வீட்டில் என் மாமியார் எல்லார் முன்னாலும் என்னைச் சொன்னபோது நீயும் அங்கேதானே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். அவள் ரிமோட்டை எடுத்து நாடகத்தின் சத்தத்தைக் கூட்டினாள். அந்தத் தம்பிகளை எங்கே புதைத்தார்கள் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன். காட்ட முடியாது, தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த இடம், இப்போது அங்கே ஹைடெக் தொழிற்பூங்காவின் சாலை என்றாள். நீ தினமும் கம்பெனி பஸ்ஸில் போகும் சாலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாததை நான் சொல்வதில்லை.

அதே கணக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். முகிலனுக்கு இதே நோய்தான் என்று யாராலும் இனி நிரூபிக்க முடியாது. அவன் ரத்தம் எங்கேயும் இல்லை. அன்று அக்கா உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தோல், குடல், சர்க்கரை மூன்றும் ஒரே குழந்தையில், தாய்வழியில் இரண்டு மாமன்மார் அதே வயதில். அவர் அந்தப் பேனாவை மூடியிருக்கமாட்டார். அவ்வளவுதான். பிள்ளை போயிருப்பான், பழி என்மேல் விழுந்திருக்காது.

அந்தப் பழியை நான் வெளியே இருந்து வந்ததாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் கேவலம். மாமியார் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, மாட்டுப்பால் ஒவ்வாமை என்று அதையே புத்தகத்து மொழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதையும் ஆதாரம் கேட்டே நம்புகிறவள் என்று பெயர் வாங்கியவள், இதற்கு ஆதாரம் கேட்கவில்லை. நீ பிறந்ததும் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து இரண்டு வருஷம் தாய்ப்பால் தவிர வேறு பாலே கொடுக்கவில்லை. மேற்படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டேன். உன் ஆறு வயதில், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் யாரோ பால் கலந்து கொடுத்த மைலோவை நீ குடித்துக்கொண்டிருந்தபோது, எல்லார் முன்னாலும் உன் கையைத் தட்டிவிட்டு முதுகில் ஓங்கி அடித்தேன். புதுச் சட்டை முழுக்க மைலோ. ஏன் என்று நீ பல வருஷம் கேட்டாய். கேட்காமல் எடுத்துக் குடித்தது தப்பு என்றேன். நீ கேட்டுவிட்டுத்தான் குடித்தாய் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். உன் அப்பா என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் முகிலன் போன நாளிலிருந்து அவர் பால் ஊற்றிய கோப்பி குடிக்கவே இல்லை. கடையில் பழக்கமானவர்கள் அவரைப் பார்த்ததுமே கோப்பி ஓ என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்குக் கசப்புதான் பிடிக்கும் என்று நீ சொல்வாய். அவருக்கு நிறையப் பால் விட்டு, இனிப்பாக, ஆடையோடு வேண்டும். கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன். அந்தப் பால்மாவு டின்னைக் கடையிலிருந்து தூக்கிவந்தது அவர். அவரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே நினைப்போடு போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு இடையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது, அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல.

இப்போது உன்னிடம் வருகிறேன். அக்கா செய்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பத்து வயதில் சத்தியம் வாங்கப்பட்டவள், ஆறாம் வகுப்போடு பால்மரத்துக்குப் போனவள். நீ அப்படி அல்ல. நீ பொறியியலாளர். எட்டு மாதத்துக்கு முன்னால் முகிலனைப் பற்றி அக்கா உனக்குச் சொன்னாள். அவன் எதனால் இறந்திருப்பான் என்று உனக்குத் தெரிந்தது. என் இருபத்தைந்து வருஷத்துப் பழியை இறக்கிவைக்கக்கூடிய காகிதம் உன் கையில் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாய். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். நகைக்கடைக்குக் கூட்டிப்போனாய். ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று பிரவீனின் அம்மா பூரித்தபோது நான் இந்தக் கணக்கில் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முணுமுணுத்தேன், நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது: "நீங்க தாங்கமாட்டீங்கன்னு பெரியம்மா சொன்னாங்கம்மா. கல்யாணம் முடியட்டும்னு." நான் தாங்கியதை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். பிரவீனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "முடிஞ்சதும் சொல்லிக்கிறேன்லா" என்றாய், பில் கட்ட மறந்ததைச் சொல்வதுபோல. அது சரியில்லை என்றேன். அதற்குத்தான் நீ கேட்டாய்: "நீங்க மட்டும் சொன்னீங்களா? எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு இருபத்தி மூணு வயசுல பெரியம்மா சொல்லித்தானே எனக்குத் தெரியும்?"

நான் வைத்துவிட்டேன்.

உன் கேள்வி சரியானது. நான் சொல்லவில்லை. மொட்டை போடாத பிள்ளையை எண்ணக்கூடாது என்பதைச் சனிக்கிழமைவரை நான் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் என் அம்மா செய்ததையே செய்திருக்கிறேன். கூலிமிலிருந்து குருணுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்ததே அவனைத் தெரிந்தவர்கள் இல்லாத ஊருக்கு வரத்தான். உன் பள்ளி விண்ணப்பப் பாரங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒன்று என்று எழுதினேன். உன்னைச் சுமந்தபோது கிளினிக் தாதி முதல் பிள்ளையா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அந்த மருத்துவரின் கேள்விக்கு அக்கா பொய் சொன்னாள் என்று எழுதினேனே, இதே பொய்யை ஒரு வருஷம் கழித்து அதே மாதிரியான ஒரு மேசைக்கு முன்னால் நான் சொன்னேன். நீ பெண்ணாகப் பிறந்ததால் அந்தப் பொய்க்கு விலை வரவில்லை. இத்தனைக்கும் பரம்பரை நோயில் குடும்ப வரலாறு எவ்வளவு முக்கியம் என்று வகுப்பில் பாடம் எடுக்கிறவள் நான். பிள்ளைகளுக்கு ஆண் சதுரம், பெண் வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு என்று சொல்லிக்கொடுத்து, அவரவர் குடும்பத்தை வரைந்து வரச் சொல்வேன். என் குடும்பத்தை மாதிரிக்கு வரைந்து காட்டும்போது ஒரு சதுரத்தை விட்டுவிட்டுத்தான் வரைந்தேன். உண்மையில் விட்டது மூன்று.

எனவே உன்னை ஏமாற்றுக்காரி என்று சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. ஆனாலும் ஏமாற்றப்பட்டதாகத்தான் இருக்கிறது. யோக்கியதை இல்லை என்பதால் வலி குறையவில்லை. இதை எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

ஒன்று மட்டும் யோசி. போன வருஷம் உன் தொழிற்சாலையில் ஒரு தொகுதித் தகட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு கறையைக் கண்டுபிடித்து, முழுத் தொகுதியையும் நிறுத்திவைத்ததாகச் சொன்னாய். மேலதிகாரி போகட்டும் விடு என்றாராம். அடுத்த நிலையத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லாமல் அனுப்பினால் அது என் கையெழுத்தில் செய்த திருட்டு என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையை நான் பள்ளி ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். குழந்தை தகடு அல்ல, எனக்குத் தெரியும். நிறுத்தி வைக்கவும் நான் சொல்லவில்லை. பிரவீனுக்குச் சொல்லாமல் அனுப்பாதே என்றுதான் சொல்கிறேன்.

அவனிடம் சொல்ல வேண்டியது அப்படி ஒன்றும் பெரியது அல்ல. உனக்குப் பிறக்கும் மகன்களில் ஒவ்வொருவனுக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மகள்களுக்கும் அதே வாய்ப்பில் உன்னைப் போல் சுமக்க நேரலாம், நோய் வராது. கருவிலேயே பார்க்க வழி இருக்கிறது. பிறந்த உடனே பார்த்துவிட்டால் மருந்து இருக்கிறது, பொருத்தமான ஆள் கிடைத்தால் மஜ்ஜை மாற்றலாம். கிஷோர் உயிரோடு லோரி உருட்டிக்கொண்டிருக்கிறான், ஏனென்றால் மாலதியின் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டபோது அக்கா இந்த முறை வாயைத் திறந்தாள். அதற்காக மட்டும் அவளுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறேன். இவ்வளவையும் நீ சொன்னபின் பிரவீன் கல்யாணம் வேண்டாம் என்று போனால், போகட்டும் என்று எழுத என் கை வரவில்லை. உனக்கு வலிக்கும். எனக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லாமல் கட்டிக்கொண்டு, நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் தோல் உரியும்போது, பிரவீனின் அம்மா உன்னைப் பார்த்து நீ என்ன கொடுத்தாய் என்று கேட்பார்கள். அப்போது பதில் தெரிந்தும் நீ வாயை மூடிக்கொண்டிருப்பாய். அதைவிட மோசமாக, பதில் தெரியாமல் அவன் எதையாவது குடிப்பதை நிறுத்துவான்.

நேற்று இவ்வளவு எழுதி நிறுத்தினேன். இன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு முன் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தபடி காலையிலேயே பாய் வந்தார். உப்பு ஜாடியைத் தள்ளி அட்டையை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே தாமரைப் பூவின் மேல் ஒரு கோடு போட்டேன். அதற்குப் பக்கத்தில் அண்ணன்: அமரர் முகிலன் என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிற்று, அச்சில் சரியாகிவிடும்.

பாய் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "டீச்சர், இத்தன வருஷமா பவி ஒரே புள்ளன்னுல நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்கு எத்தன புள்ள?" என்றார்.

"ரெண்டு" என்றேன்.

வாய்விட்டு நான் அதைச் சொன்னது இதுதான் முதல் முறை. பாய் அட்டையை உறையில் போட்டு, மோட்டார்சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனார். ஐந்நூறு அட்டை. வரும் வியாழக்கிழமை உன் பங்கும் பிரவீன் வீட்டுப் பங்கும் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். பெயரை எடுக்கச் சொல்லி நீ கேட்டால் எடுக்கமாட்டேன். பிரவீனிடம் நான் எதையும் சொல்லவும் மாட்டேன். அட்டையைப் பிரித்ததும், யார் இந்த அண்ணன், எப்படி இறந்தான் என்று அவன் உன்னிடம்தான் கேட்பான். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, அவன் கேட்பதற்கு முன் நீ சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை வருவதானால் வா. அவனிடம் சொல்லிவிட்டு வந்தாலும் சொல்லாமல் வந்தாலும் சோறு இருக்கும். பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

அம்மா